திறந்து காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆர்மரரின் பதில்கள்

போன இதழில், "பழைய பிஸ்டலை வெளித்தோற்றம் பார்த்து வாங்கவும் வாங்காதீர்கள், வேண்டாம் என்று ஒதுக்கவும் ஒதுக்காதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. 26 வருடம் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக, ஆயுதக் கிடங்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பிஸ்டல்களைப் பிரித்துப் பார்த்தவன் நான். வாங்கி விற்றவன் இல்லை. அதனால் விலை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கடிதங்களுக்கு முன்னால் ஒரு விஷயம். பிஸ்டலைக் கையில் வாங்கியதும் முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்தை இழுங்கள். வரிசை மாறினால், சேம்பரில், அதாவது பேரல் என்னும் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், இருந்த ரவுண்டு (தோட்டா) வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். விழுந்ததைப் பார்த்து நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இப்படிக் காலி செய்த பிஸ்டலில், தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இல்லாதபோது, பாதுகாப்பான திசையைப் பார்த்துச் செய்ய வேண்டியவை. சரி, கடிதங்கள்.

கேள்வி: சுடும் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. காவல் பணியில் இருந்து கழித்துவிட்ட 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்லைடின் முனை இரண்டு பக்கமும் கறுப்பு போய் வெள்ளையாகத் தெரிகிறது. பேரலின் பின்பக்க மேற்பரப்பிலும், வாய்க்கு அருகே அடியிலும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. நிறையச் சுட்டுத் தள்ளிய துப்பாக்கி போலிருக்கிறதே, விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். ஸ்லைடு முனையில் கறுப்பு போனது உறை செய்த வேலை. பணியில் இருப்பவர் இடுப்பில் பிஸ்டல் நாள் முழுக்கத் தொங்கும். உட்காரும்போது, எழும்போது, வண்டியில் ஏறும்போது உறைக்குள் உராய்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே பிஸ்டல் சுடப்படுவது வருடாந்தரத் தேர்வுக்கும் பயிற்சிக்கும் மட்டும்தான். சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. என் மேசைக்கு வந்த அப்படிப்பட்ட பிஸ்டல்களில் பாதிக்கு மேல் வெளியே கிழடு தட்டியிருக்கும், பிரித்தால் உள்ளே கல்யாண மாப்பிள்ளை.

பேரலில் இருக்கும் பளபளப்பும் இயல்பானதே. இன்றைக்குப் பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்கள் ஜான் பிரவுனிங் வகுத்த வழியில் வேலை செய்பவை. சுட்டதும் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டியபடி சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும், பிறகு பேரலின் பின்பகுதி கீழே சாயும், ஸ்லைடு மட்டும் தனியாகப் போகும். ஒவ்வொரு முறையும் பேரலின் பின்தலை ஸ்லைடில் உரசும். முன்னால் வாய் கொஞ்சம் தலைதூக்கி ஸ்லைடின் ஓட்டையில் உரசும். அதனால்தான் அடியில் பிறை மாதிரி ஒரு தேய்மானம் விழுகிறது. 200 ரவுண்டு சுட்ட பிஸ்டலிலேயே அது வந்துவிடும். பத்தாயிரம் சுட்டதிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். ஆகவே அதை வைத்து வயது கணிக்க முடியாது.

பார்க்க வேண்டியது அந்தத் தேய்மானத்தின் குணம். நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் வெறும் பூச்சு போயிருக்கிறது, அவ்வளவுதான். நகம் எங்காவது தட்டி நின்றால் அங்கே இரும்பு அடிபட்டு நகர்ந்து விளிம்பு கட்டியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை விரல் கற்றுக்கொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, தேய்மானம் இருபக்கமும் சமமாக இருக்கிறதா? இடது பக்கம் ஆழமாகவும் வலது பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் ஏதோ ஒன்று கோணலாக ஓடுகிறது.

அப்புறம், திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாமல் கையாலேயே பிரிக்கக்கூடிய அளவுக்குப் பிரித்தால் போதும். "அதெல்லாம் திறக்கத் தேவையில்லை, நன்றாக ஓடுகிறது" என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

திறந்ததும் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களைப் பாருங்கள். ஃப்ரேம், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகம், அலுமினியமாக இருந்தால் கறுப்புப் பூச்சு போய் சாம்பல் நிறத்தில் தெரியும். அது சாதாரணம், கொஞ்சம் கிரீஸ் போட்டு ஓட்டலாம். நீளவாக்கில் உழுத மாதிரி கோடுகள் விழுந்து, விரலில் தட்டுப்பட்டால் அது எண்ணெய் காணாமல் ஓடிய பிஸ்டல். ஸ்லைடின் உள்ளே, தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் வரும் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பயப்படாதீர்கள். தோட்டாவின் பித்தளை ஒட்டியிருக்கிறது, துடைத்தால் போகும். ஆனால் ஓட்டையைச் சுற்றி மணல் அரித்த மாதிரி பொடிக் குழிகள் இருந்தால், தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் ஓட்டையாகி அதன் வழியே சூடான வாயு பீறிட்டிருக்கிறது. ஒன்றிரண்டு குழி என்றால் பரவாயில்லை. ஓட்டையின் விளிம்பே சிதைந்திருந்தால் வேண்டாம். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை (கேஸை) இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் சேர்ந்திருக்கும் கரியைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டிவிட்டு, லென்ஸ் வைத்து அதன் முனை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கரி மூடியிருக்கும்போது உடைந்த கொக்கியும் முழுசாகத்தான் தெரியும்.

கடைசியாக, விரிசல். ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பின் ஓட்டைக்கு மேலே, தண்டவாளத்தின் முடிவில், காலி கேஸ் வெளியே வரும் ஜன்னலின் முன் மூலைகளில் தேடுங்கள். பெரெட்டா 92 போல, பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் லாக்கிங் பிளாக் தனியாக இருக்கும் பிஸ்டல்களில், அதன் இரண்டு காதுகளும் தொடங்கும் வேர்ப் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுக்க ஒரு வழி உண்டு. அந்த இடத்தில் நீர்த்த எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு திரும்பிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மயிரிழை மாதிரி கசிந்து நிற்கும். கீறலில் அப்படிக் கசியாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் அந்த வெள்ளைத் தேய்மானத்தைக் காட்டிப் பேரம் பேசுங்கள். விற்பவருக்கு அது குறை, உங்களுக்கு அது லாபம்.

கேள்வி: பழைய க்ளாக் பிஸ்டல் ஒன்றின் பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். வரிகள் எல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. விற்பவரோ குறைவாகச் சுட்டது என்கிறார். பொய்தானே?

பதில்: பாவம், அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். க்ளாக்கின் முதல் நான்கு தலைமுறை 9 மி.மீ. பேரல்களில், குண்டைச் சுழலவைக்கும் வரிகளாக வழக்கமான கூர்மையான மேடு பள்ளம் கிடையாது. உள்ளே அறுகோண வடிவம், மூலைகள் உருண்டு, முறுக்கிக்கொண்டு போகும். ஹெக்லர் அண்ட் காக் பிஸ்டல்கள் பலவற்றிலும் இதே பாணிதான். முதல்முறை பார்ப்பவருக்கு எல்லாம் தேய்ந்துபோன மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, பிஸ்டல் பேரல் அவ்வளவு லேசில் தேய்ந்து முடிவதில்லை. தாமிர உறை போட்ட 9 மி.மீ. குண்டு பல்லாயிரம் போனாலும் தாங்கும். அதற்கு முன்னால் ஸ்பிரிங்குகள்தான் செத்துப்போகும். வழக்கமான வரிகள் உள்ள பேரலில் வரி மங்கலாகத் தெரிந்தால்கூட, முதலில் ப்ரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். ஈயக் குண்டு சுட்ட பேரலில் ஈயம் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு அப்படி ஏமாற்றும்.

கேள்வி: ஐம்பது வருடத்துக்கும் மேலான பிஸ்டல், ஆனால் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஒரு கீறல் இல்லை. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருக்கிறது. இதில் எதைக் குறை என்று தேடுவது?

பதில்: அந்த ஆச்சரியத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு முனை தேய்ந்த பிஸ்டலைக் கண்டால் பயம் வராது. பளபளக்கும் கிழட்டுப் பிஸ்டலைக் கண்டால்தான் வரும்.

பிஸ்டலுக்குக் கருநீல நிறம் ஏற்றும் ப்ளூயிங் என்பது வண்ணப் பூச்சு இல்லை. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு ஆக்சைடாக மாற்றும் வேலை. அது குழிகளை மறைக்காது. ஆகவே துருக்குழி விழுந்த பிஸ்டலை மறுபடி ப்ளூ செய்வதானால், முதலில் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக் குழியை எடுக்க வேண்டும். குழியை எடுப்பது என்றால் சுற்றியிருக்கும் இரும்பையும் சேர்த்து எடுப்பது. இதை அவசரமாகச் செய்தவர் கட்டாயம் தடயம் விட்டுப் போயிருப்பார்.

ஸ்லைடில் பொறித்த எழுத்துகளைச் சாய்வாக வெளிச்சம் விழும்படி பிடியுங்கள். தொழிற்சாலை எழுத்து என்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும், சில சமயம் அச்சு விழுந்த அழுத்தத்தில் லேசாகப் புடைத்தும் இருக்கும். தேய்த்த பிஸ்டலில் எழுத்து ஆழமில்லாமல், ஒரு பக்கம் கரைந்த மாதிரி தெரியும். அடுத்து திருகு ஓட்டைகளையும் பின் ஓட்டைகளையும் பாருங்கள். துணிச் சக்கரம் ஓட்டையின் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அதனால் ஓட்டையைச் சுற்றி அகல் விளக்கு மாதிரி ஒரு சின்னப் பள்ளம் விழும். ஸ்லைடின் நேர் விளிம்புகள் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால், ஐம்பது வருடம் பத்திரமாக வைத்திருந்த கதையை நம்ப வேண்டாம். திருகுத் தலைகளின் பள்ளம் சிதைந்திருந்தால் உள்ளே கை வைத்தவர் தொழில் தெரியாதவர்.

மறுபடி ப்ளூ செய்ததே குற்றம் என்று சொல்லவில்லை. நன்றாகச் செய்தவர்களும் உண்டு. எதற்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டணம் கட்டியிருக்கிறேன். வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம், முதல்முதலாக எனக்கென்று ஒரு பிஸ்டல் வாங்கினேன். அப்படித்தான் மின்னியது. விற்றவர் பேரலுக்குள் எண்ணெய் தாராளமாக விட்டிருந்தார், நானும் விளக்கடித்துப் பார்த்து, மின்னுகிறது என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுத்தம் செய்யும்போது, துணி சுற்றிய கம்பி பேரலுக்குள் ஒரே சீரான இறுக்கத்தோடு போய்க்கொண்டிருந்தது, வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் திடீரென்று பிடி விட்டது. அப்புறம் மறுபடி இறுகியது. பின்வாங்கிப் பார்த்தேன், அதே இடத்தில் மறுபடி விட்டது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, பின்பக்கம் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்து பார்த்தால், அந்த இடத்தில் உள்சுவரைச் சுற்றி வளையல் போல ஒரு கறுப்பு நிழல். வெளியே நகத்தை ஓட்டினால் மிக மெல்லிய வீக்கம்.

மருந்து சரியாக எரியாத தோட்டா ஒன்று குண்டைப் பேரலுக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறது. சுட்டவர் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்து வெளியே போயின, போகும்போது பேரலை ஊதிவிட்டுப் போயின. அந்தப் பேரலை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெகுகாலம் என் மேசை இழுப்பறையில் அதை வைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் கொடுத்து, "இதில் என்ன கோளாறு, சொல்லு" என்பேன். எண்ணெய் விட்டுத்தான் கொடுப்பேன். பத்தில் எட்டுப் பேர் "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள்.

அதனால் பேரலைப் பார்க்கும் முன் காய்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பேரலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒருவேளை வரிசை எண் இருக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு வேறு மாதிரி இருந்தால், எண்ணைச் சுரண்டிய சந்தேகம் இருந்தால், பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அது குறை இல்லை, வழக்கு.

கேள்வி: என்னிடம் வந்திருக்கும் 1911 பிஸ்டலைக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வருகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். இடது பக்கம் பிறை வடிவில் ஒரு கீறலும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: சிரிக்கட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த மாதிரியைத் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும்கூடத் தயாரித்தன. ஒருவருடைய ஸ்லைடு இன்னொருவருடைய ஃப்ரேமில் ஏற வேண்டும், சேறும் மணலும் புகுந்தாலும் ஓட வேண்டும். அப்படியென்றால் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அமெரிக்க ராணுவம் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6000 ரவுண்டு சுட்டும் கோல்ட் நிறுவனத்தின் இந்தப் பிஸ்டல் மக்கர் செய்யவில்லை.

ஃப்ரேம் மேல் ஸ்லைடு ஆடுவதை விடுங்கள். ஸ்லைடு முழுக்க மூடியிருக்கும்போது, மேல் ஜன்னல் வழியாகத் தெரியும் பேரலின் பின்தலையைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். அசையாமல் இருந்தால் நல்லது. கீழே போய் மேலே வந்து ஸ்பிரிங் மாதிரி ஆடினால், குறி தவறப்போவது அங்கேதான். பேரலைக் கழற்றி அதன் மேலே இருக்கும் இரண்டு பூட்டு மேடுகளைப் பாருங்கள். முன் விளிம்புகள் சதுரமாக நிற்க வேண்டும். உருண்டு, மடங்கி இருந்தால் பூட்டும் விடுபடும் நேரம் ஒத்துப்போகாமல் ஓடியிருக்கிறது. அது சின்னக் குறை இல்லை.

அந்தப் பிறைக் கீறலுக்கு எங்கள் வட்டாரத்தில் முட்டாள் கோடு என்று பெயர். ஸ்லைடு ஸ்டாப்பைத் திரும்ப மாட்டும்போது பொறுமை இல்லாதவர் அதை ஃப்ரேம் மேல் இழுத்துக்கொண்டே மேலே தூக்குவார். அது போடும் கோடு. முகத்தில் இருக்கும் தழும்பு மாதிரி, ஓட்டத்துக்கு ஒன்றும் செய்யாது. அதே பக்கம், சேஃப்டிக்கும் (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) ஸ்லைடு ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறதே, அதை விரலால் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் உடனே சரிசெய்யுங்கள். சேஃப்டியைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் அதற்குள்தான் இருக்கிறது. ஆடிக்கொண்டே போய் ஒரு நாள் சேஃப்டி பாதியில் நின்றுவிடும்.

விசைப் பகுதியில் யாராவது அரம் போட்டிருக்கிறார்களா என்பதுதான் 1911-இல் எனக்கு முதல் கவலை. ஹாமரை, அதாவது ஃபயரிங் பின்னைத் தட்டும் சுத்தியலை, பின்னால் இழுத்து வையுங்கள். சேஃப்டியைப் போட்டுவிட்டு விசையை நன்றாக அழுத்தி, விடுங்கள். ஹாமர் விழவில்லை, சந்தோஷம். அத்தோடு நிறுத்தாதீர்கள். சேஃப்டியை எடுத்துவிட்டு, பிஸ்டலைக் காதருகே கொண்டுபோய், வாய்ப்பகுதி யாரையும் பார்க்காதபடி, கட்டைவிரலால் ஹாமரை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கேளுங்கள். ஒரு சத்தமும் வரக்கூடாது. மெல்லிய 'டிக்' கேட்டால், நீங்கள் விசையை அழுத்தியபோது உள்ளே ஹாமரைப் பிடித்து வைத்திருக்கும் சியர் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, சேஃப்டி அதை முழுசாகப் பிடிக்கவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நகர்ந்தது நாளைக்கு முழுக்க நழுவும். பிறகு, ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்துங்கள். ஹாமர் விழவே கூடாது. விழுந்தால் அது பூட்டாமலேயே சுடக்கூடிய பிஸ்டல்.

கேள்வி: அப்பா விட்டுப்போன உலகப் போர்க் காலத்து வால்தர் பி38 பிஸ்டல் முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. வைத்துக்கொள்ள ஆசை. பேரலுக்குள் கறுப்பாகப் புள்ளிகள். சில பாகங்களில் எண் ஒத்துப்போகவில்லை. இதைச் சுடலாமா, ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. தொழில் தெரிந்த ஆர்மரர் ஒருவர் பார்க்கட்டும்.

அந்தப் புள்ளிகள் அந்தக் காலத்துத் தோட்டாவின் கைவரிசை. அப்போதைய ப்ரைமர் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். அப்பாவுக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ எண்ணெய் போட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் சேம்பருக்கு முன்னால் பரவலாகச் சின்னதாக இருந்தால் குறி கொஞ்சம் பிசகும், அழுக்கு சீக்கிரம் சேரும், வேறு ஆபத்து இல்லை. சேம்பருக்குள்ளேயே குழி இருந்தால் சுட்ட கேஸ் அதில் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

பிடிச் சட்டங்களைக் கழற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். வியர்வையும் ஈரமும் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடியில் தங்கி, வெளியே தெரியாமல் தின்றுகொண்டிருக்கும். எண் ஒத்துப்போகாதது சேகரிப்பவர்களுக்குப் பெரிய விஷயம், லூகர் பிஸ்டலில் குட்டிப் பாகங்களில்கூடக் கடைசி இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். உங்கள் ஆசைக்கு அது தடை இல்லை. ஆனால் பூட்டும் பாகங்களின் எண் மாறியிருந்தால் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்தாக வேண்டும்.

முக்கியமாக ஒன்று. இதில் சேஃப்டியைக் கீழே தள்ளினால் ஹாமர் தானாக விழும், ஃபயரிங் பின்னை அது பிடித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. எண்பது வருடப் பழைய இரும்பை நம்பி, சேம்பரில் தோட்டா இருக்கும்போது அதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். சோதிக்க வேண்டுமானால் பென்சில் போதும். காலி பிஸ்டலை வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, ரப்பர் இருக்கும் முனை கீழே போகும்படி ஒரு பென்சிலைப் பேரலுக்குள் விடுங்கள். ஹாமரை இழுத்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சேஃப்டியைத் தள்ளுங்கள். பென்சில் சும்மா கிடக்க வேண்டும். துள்ளினால் அந்தப் பிஸ்டல் அலமாரிக்குத்தான். பிறகு சேஃப்டியை எடுத்துவிட்டு, ஹாமரை இழுத்து வைத்து விசையை அழுத்துங்கள். இப்போது பென்சில் எகிறி வெளியே வர வேண்டும்.

கேள்வி: பழைய .22 பிஸ்டலில் சுட்ட கேஸ் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டர் மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: சேம்பரின் வாய் விளிம்பில், ஃபயரிங் பின் வந்து படும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு நசுங்கல் இருக்கும். .22 தோட்டாவில் பின் அடிப்பது நடுவில் இல்லை, ஓரத்தில். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகினால், தடுப்பு இல்லாத பிஸ்டலில் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் போய் இடிக்கும். நசுங்கிய இரும்பு சேம்பருக்குள் துருத்திக்கொண்டு கேஸைப் பிடித்துக்கொள்கிறது. அந்த விளிம்பை மறுபடி வெளியே தள்ளிவிட இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, ஆர்மரரிடம் ஐந்து நிமிட வேலை. நீங்களே அரத்தை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இரவில் ஒளிரும் சைட் (குறிபார்க்கும் பாகம்) வைத்த பிஸ்டல். பச்சை வெளிச்சம் மிக மங்கலாக இருக்கிறது. வெயிலில் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த வெளிச்சத்தைத் தருவது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு. 12.3 வருடத்தில் பாதியாகும், இன்னொரு 12 வருடத்தில் அதில் பாதி. சைட்டை மாற்ற வேண்டும். வாங்கும்போது அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைட்டில் வருடம் பொறித்திருந்தால் பிஸ்டலின் வயதைப் பற்றியும் ஒரு துப்பு கிடைக்கும்.

கேள்வி: ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேகசின் மூன்று கொடுக்கிறார்கள், அதில் ஒன்று வளைந்த மாதிரி இருக்கிறது.

பதில்: க்ளாக் மாதிரியான பிஸ்டலில், காலி என்று உறுதி செய்துகொண்டு, வாயை மேலே நிமிர்த்துங்கள். விசையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து, மெல்ல மெல்ல விடுங்கள். கடைசி வரை தானாக ஏறிப் போய் மூட வேண்டும். கொஞ்சம் பாக்கி வைத்து நின்றுவிட்டால், ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் போய்விட்டது. ஐந்து அங்குல 1911-க்கு .45 தோட்டாவுடன் வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. பழையதைப் புதியதோடு பக்கத்தில் வைத்தால் உயரத்திலேயே வித்தியாசம் தெரியும். நான் சோதித்துக்கொண்டெல்லாம் இருக்க மாட்டேன். பழைய பிஸ்டல் கைக்கு வந்தால் ரீகாயில் ஸ்பிரிங்கை முதல் வாரமே மாற்றிவிடுவேன். பிஸ்டலில் இதைவிட மலிவான பாகம் அதிகம் இல்லை. இதை மாற்றாமல் ஓட்டினால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃப்ரேமில் போய் மோதும், விலை உயர்ந்த பாகம் அடி வாங்கும்.

வளைந்த மேகசினைப் பெருக்கித் தள்ளுங்கள். மேல்வாயில் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் உதடுகளை இடுக்கியால் நிமிர்த்தலாம் என்று ஆசைப்படாதீர்கள், அது மறுபடி வளையும், அல்லது விரிசல் விடும். மற்ற இரண்டையும் காலியாக மாட்டி ஸ்லைடை இழுங்கள், ஸ்லைடு பின்னால் நிற்க வேண்டும். சேம்பரில் ஏறாமல் மாட்டுகிறது என்று என்னிடம் கொண்டுவந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டலில் ஒரு குறையும் இல்லை, மேகசின்தான். அதனால் ஒவ்வொரு மேகசினிலும் நெயில் பாலிஷால் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். கோளாறு எப்போதும் 2-ஆம் எண்ணோடுதான் வருகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாங்கும் முன் சுட்டுப் பார்க்க அனுமதி தருகிறார்கள். என்ன கவனிக்க?

பதில்: நல்ல மனிதர், விடாதீர்கள். பழைய தோட்டா வேண்டாம், தொழிற்சாலைத் தோட்டா ஒரே பெட்டியிலிருந்து 50. முதல் இரண்டு முறை மேகசினில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுங்கள். விசைப் பகுதியில் கோளாறு இருந்தால் தானாக இரண்டாவது சுடும். ஒன்று மட்டும் இருந்தால் அது நடக்க வாய்ப்பே இல்லை. அடுத்து இரண்டு, பிறகு முழு மேகசின்.

நீங்கள் இலக்கில் எங்கே பட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் தரையைப் பார்ப்பேன். கேஸ்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றனவா? ஒன்று காலடியில், ஒன்று பத்தடி தள்ளி, ஒன்று நெற்றியில் என்றால் எக்ஸ்ட்ராக்டரோ ஸ்பிரிங்கோ சரியில்லை. சுட்டு முடித்ததும் கேஸ்களைப் பொறுக்கி, வெள்ளைக் காகிதத்தில் வாயைக் கீழே வைத்து வரிசையாக நிறுத்துங்கள். ப்ரைமரில் பின் அடித்த குழி எல்லாவற்றிலும் நடுவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா, பக்கவாட்டில் நீளக் கீறல் இருக்கிறதா என்று உருட்டிப் பாருங்கள். ஓரத்தில் எக்ஸ்ட்ராக்டர் கடித்த தடம் மெல்லியதாக இருக்கலாம், பித்தளையைப் பிய்த்திருக்கக் கூடாது. ஐம்பதும் ஒன்று போல நின்றால், ஸ்லைடு முனையில் கறுப்பு போனதைப் பற்றி இனி எனக்குக் கடிதம் போட வேண்டியதில்லை.